சோழி நாறிய கதை

தமிழ் வகுப்பில் எண்ணுப்பெயர் நடத்தப் போன நாளில் ஒரு டப்பா நிறையச் சோழி எடுத்துப் போயிருந்தேன். ராமநாதபுரத்தில் என் அம்மா தாயம் ஆடிய சோழிகள் அவை. கல்யாணமாகி மொரீசியஸ் வந்தபோது பெட்டியில் ஒரு ஓரமாக அவையும் வந்துவிட்டன. மாஹேபூர் பக்கம் கோயிலை ஒட்டிய ஒரு சின்ன ஹாலில்தான் எங்கள் சனிக்கிழமை வகுப்பு. பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழுக்கு வாரத்தில் ஒரு நாள், அதுவும் நான். கையில் எண்ணுவதற்கு ஏதாவது இருந்தால்தான் 'ஏழு' வாயில் வருகிறது.

சோழியைப் பார்த்ததும் ஒரு பையன் துள்ளினான். "மிஸ், இது எங்க லகூன்ல நிறைய இருக்கு!" (பவளத்திட்டுக்கு உள்ளே அமைதியாகக் கிடக்கும் கடலைத்தான் இங்கே லகூன் என்பார்கள்.) அடுத்த வாரம் ஜாம் பாட்டிலில் ஏழு சோழி கொண்டுவந்தான். எல்லாம் மஞ்சளாக, எண்ணெய் பூசியது போல மினுங்கின. அவனைப் பாராட்டி, எல்லாரையும் கைதட்டச் சொல்லி, பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஹாலின் கதவைத் திறந்தவுடன் எலி செத்துவிட்டது என்றே நினைத்தேன். பெஞ்சுக்கு அடியில் தேடினேன், பூஜைப் பொருள் வைக்கும் அறையில் தேடினேன். கடைசியில் அலமாரி. பாட்டில். ஏழு சோழி.

எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பல்லாங்குழியில் சோழி, மாட்டுக் கழுத்தில் சோழி, குறி சொல்பவர் முன்னால் சோழி என்று பார்த்து வளர்ந்தவள். சோழிக்குள் ஓர் உயிர் இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்தால் தேங்காய் ஞாபகம் வருகிறதே, சோழியைப் பார்த்தால் மட்டும் ஏன் எதுவுமே ஞாபகம் வரவில்லை? அந்த வெட்கத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. என்னைப் போல ஒன்றும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பிராணி?

கடற்கரையில் கிடைப்பதையெல்லாம் நாம் பொதுவாகச் சிப்பி என்று சொல்லிவிடுகிறோம். அதில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. இங்கே மணலைக் கிளறி எடுத்துச் சூப் வைப்பார்களே, தெக்-தெக், அதற்கு இரண்டு ஓடு. புத்தகம் போலத் திறந்து மூடும். அதுதான் சிப்பி. ஒரே ஓடு இருந்து, அதற்குள்ளிருந்து ஒரு பிராணி தலையை நீட்டி, வயிற்றுப் பக்கத்துச் சதையையே காலாக்கி நகர்ந்தால் அது நத்தை. பாடப்புத்தகத்தில் வயிற்றுக்காலி என்று போட்டிருப்பார்கள். சங்கு ஊதுகிறோமே, அதுவும் ஒரு கடல் நத்தையின் ஓடுதான். சோழியும் அப்படியே.

சோழி என்றால் ஒரே வகை அல்ல. சோழிக் குடும்பம் பெரியது. உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் புள்ளிபோட்ட பெரிய சோழியைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நான் பேசுவது சின்னச் சோழியைப் பற்றி. பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டர். மேல்புறம் மஞ்சளோ வெளிர் மஞ்சளோ, ஓரத்தில் கொஞ்சம் முண்டும் முடிச்சும். அடிப்புறம் தட்டையாக வெள்ளை, நடுவில் நீளமான பிளவு, அதன் இரு கரையிலும் பல் வரிசை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை உருவாக்கிய லின்னேயஸ் 1758-இல் இதற்கு வைத்த பெயரில் 'மொனேத்தா' என்று ஒரு சொல் வரும். லத்தீனில் காசு என்று அர்த்தம். இன்றைய அறிவியல் பெயர் மொனெட்டாரியா மொனேத்தா. காசுக்காரி காசு என்று சொல்வது போல இரண்டு தடவை காசு! ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவி, பசிபிக்கில் ஹவாய் தாண்டியும் இது இருக்கிறது.

இதற்கு ஒரு தங்கை உண்டு. முதுகில் தங்க நிறத்தில் ஒரு வளையம் போட்டிருக்கும். அது வளையச் சோழி. கதையின் பிற்பாதியில் அது வந்து ஒரு குழப்பம் செய்யும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தை என்றால் சுருள் எங்கே என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. சுருள் உள்ளே ஒளிந்திருக்கிறது. மாலை கோக்கவும் துணியில் தைக்கவும் சோழியின் முதுகைத் தேய்த்து ஓட்டை போடுவார்கள் அல்லவா, அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே படி சுற்றிப் போவது தெரியும்.

குட்டிச் சோழியைப் பார்த்தால் சோழி என்றே சொல்ல மாட்டோம். மெல்லிய ஓடு, அகன்ற வாய், ஒரு முனையில் சின்னச் சுருள். சாதாரண நத்தை மாதிரிதான் இருக்கும். ஓரளவு வளர்ந்ததும் வாயின் வெளி உதடு உள்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது, பல் முளைக்கிறது, சுருளின் மேலே பூச்சு ஏறி அது மறைந்துபோகிறது. அதற்குப் பிறகு நீளம் கூடாது. வயதுக்கு வந்த பின் உயரம் நின்று உடம்பு போடுகிறோமே, அதே கதை. ஓடு கனத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஆகவே பெரிய சோழி கிழடு, சின்னச் சோழி குட்டி என்று கணக்குப் போடக் கூடாது. அளவு வேறு, வயது வேறு.

அடுத்தது பளபளப்பு. நான் இங்கே கொஞ்சம் அதிகநேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் சோழியின் ரகசியமே இதுதான்.

லகூனில் கிடக்கும் மற்ற நத்தைகளைப் பாருங்கள். ஓட்டின் மேல் பாசி, சுண்ணாம்புப் பொருக்கு, ஒட்டிக்கொண்ட குட்டிப் பிராணிகள். அந்த ஓடு எந்த நேரமும் கடலுக்கு வெளியே காட்டிக்கொண்டிருப்பது, அதனால் வீட்டுச் சுவர் மாதிரி அழுக்கேறிவிடும். சோழி அப்படி இல்லை. அதன் உடம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய சதை மடல் ஒன்று வெளியே வந்து, ஓட்டின் மேல் ஏறி, முதுகில் சந்தித்துக்கொள்கிறது. இதை மேன்டில் என்பார்கள். போர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழி நடமாடும்போது பெரும்பாலும் இந்தப் போர்வையைப் போர்த்தியே இருக்கும். போர்வை மேல் குட்டிக் குட்டியாக முளைகள் கிளம்பியிருக்கும். பார்த்தால் பாசி பிடித்த கல் போலவே இருக்கும். நம் கண்ணுக்குச் சோழியே தெரியாது.

போர்வை சும்மா போர்த்தியிருப்பதில்லை. ஓட்டைக் கட்டுவதும் அதுதான். மற்ற நத்தைகள் வாயின் விளிம்பில் மட்டும் புதிது புதிதாகச் சேர்த்து வீட்டை நீட்டிக்கொண்டு போகும். சோழியோ வெளியிலிருந்தும் பூசுகிறது. மேஸ்திரி வீட்டைச் சுற்றி வந்து சுவருக்குப் பூச்சு மேல் பூச்சு அடிப்பது போல. பொருள் என்னவோ சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். உடைந்த சோழித் துண்டு ஒன்றை வினிகரில் போட்டால் நுரைத்துக் குமிழ் விடும். வகுப்பில் செய்து காட்டினேன். ஆனால் அதே சுண்ணாம்பை மெல்லிய அடுக்கு அடுக்காகப் பூசி, மேலே எந்த அழுக்கும் உட்கார விடாமல் மூடியே வைத்திருந்தால் கண்ணாடி போல மினுங்குகிறது. யாரும் தேய்த்துப் பாலிஷ் போடவில்லை. கடலிலிருந்து எடுக்கும்போதே அப்படித்தான் இருக்கும்.

அடுக்கு இருக்கிறது என்பதற்குச் சாட்சி என் அம்மாவின் டப்பாவிலேயே இருந்தது. அவற்றில் பலவற்றின் முதுகு ஊதா நிறமாக இருக்கும். சின்ன வயதில் அது வேறு சாதிச் சோழி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். மேல் மஞ்சள் அடுக்கு தேய்ந்துபோனால் கீழே இருக்கும் ஊதா வெளியே வரும். பாட்டி கையிலும் அம்மா கையிலும் உருண்டு உருண்டு வந்த நிறம் அது.

இந்தப் பளபளப்பை வைத்து ஒரு சின்னக் கிளைக்கதை. பிரெஞ்சில் சோழிக்கு 'போர்செலேன்' என்று பெயர். பீங்கானுக்கும் அதே சொல். என் மாணவர்களுக்கு இது தெரியும், ஆனால் பீங்கான் பெயர்தான் சோழிக்குப் போனது என்று நினைத்திருந்தார்கள். நேர் எதிர். இத்தாலியர்கள் சோழியை 'போர்செல்லானா' என்று அழைத்தார்கள். சீனத்துப் பாத்திரம் ஐரோப்பாவுக்கு வந்தபோது அதன் வழவழப்பைப் பார்த்து, அட, சோழி மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். நாம் காலையில் டீ குடிக்கும் கோப்பைக்குப் பெயர் கொடுத்தது ஒரு நத்தை.

சரி, வாய்க்கு வருவோம். இவ்வளவு குறுகலான பிளவு எதற்கு, அதில் பல் எதற்கு? கடிப்பதற்கு அல்ல. சோழி சாப்பிடுவது பாசி. அதைச் சுரண்டுவதற்கு உள்ளே அரம் போன்ற ஒரு நாக்கு தனியாக இருக்கிறது. ஓட்டில் தெரியும் பல் கதவுக் கம்பி மாதிரி. பல நத்தைகளுக்கு வாயை அடைத்துக்கொள்ள ஒரு மூடி உண்டு. வளர்ந்த சோழிக்கு அந்த மூடி கிடையாது. அதனால் வாயையே இடுக்காக்கிக்கொண்டது. நண்டு நத்தையைத் தின்பதென்றால் ஓட்டின் உதட்டில் கொடுக்கை மாட்டி விளிம்பு விளிம்பாக உடைத்துக்கொண்டு போகும். சோழியில் மாட்டுவதற்கு விளிம்பே இல்லை. உதடு உள்ளே மடிந்திருக்கிறது. நண்டின் கொடுக்கு வழுக்கும். ஓரத்தில் கனத்திருக்கும் அந்த முண்டு முடிச்செல்லாம் கூடுதல் காப்பு. குட்டிப் பருவத்தில் இவை எதுவும் இல்லாததால் குட்டிகள்தான் அதிகம் பலியாகும்.

எல்லாரிடமும் தப்ப முடியாது. இங்கே எல்லாருக்கும் பிடித்த உரித், அதாவது சாக்குக்கணவாய், சோழியையும் விடாது. அது தின்றுவிட்டு ஓட்டைத் தன் பொந்து வாசலில் போட்டுவைக்கும். உரித் பிடிக்கப் போகிறவர்கள் அந்தக் குப்பையைப் பார்த்தே பொந்தைக் கண்டுபிடிப்பார்கள். சாப்பிட்ட இலையை வாசலில் போட்டால் விருந்து நடந்த வீடு தெரிந்துவிடும் அல்லவா.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கனம், வழவழப்பு, இடுக்கு வாய், ஒரே மாதிரி உருவம்: இந்த நத்தை தன் எதிரிகளிடமிருந்து தப்பிக்கத் தனக்காகச் செய்துகொண்டவை இவை. அந்த நான்கையும்தான் மனிதன் காசுக்கு வேண்டிய குணம் என்று கண்டுகொண்டான். உடையாது, துருப்பிடிக்காது, கையில் வழுக்கிக்கொண்டு எண்ண வரும், போலி செய்ய முடியாது. தங்கத்தில் செம்பு கலக்கலாம். சோழியில் எதைக் கலப்பது? அளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம், அளந்தோ நிறுத்தோ வாங்கிவிடலாம். நண்டுக்குப் பயந்து கட்டிய வீடு, நாணயமாகிவிட்டது.

காசுச் சோழிக்குப் பெரிய விளைநிலம் மாலத்தீவு. நம் ஆள் ஒருவருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' வென்றதாக வரும். அது மாலத்தீவு என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. சோழன் சோழிக்காகப் போனான் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், வாட்ஸ்அப்பில் யாராவது சொல்லிக்கொள்ளட்டும். போகட்டும், சோழியன் குடுமிக்கும் சோழிக்கும்கூடச் சம்பந்தம் கிடையாது.

10-ஆம் நூற்றாண்டில் எழுதிய அரபு எழுத்தாளர் அல்-மசூதி ஒரு முறையைச் சொல்கிறார்: தீவுக்காரர்கள் தென்னங்கிளைகளை வெட்டித் தண்ணீரில் போட்டுவைப்பார்கள், சோழிகள் அதில் வந்து ஏறிக்கொள்ளும், இழுத்துக் கரையில் போட்டுக் காயவைப்பார்கள். 1343-இல் மாலத்தீவுக்குப் போய் அங்கே நீதிபதியாகவே இருந்த மொராக்கோப் பயணி இபன் பதூதா இன்னொன்றைச் சொல்கிறார். பிடித்த சோழிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்களாம். சதை அழுகிப் போன பிறகு வெள்ளை ஓட்டை எடுத்துக்கொள்வார்களாம். இதைப் படித்தபோது என் அலமாரி கண்முன் வந்தது. அவர்களுக்கு நாற்றம் தெரிந்திருக்கிறது, அதனால் குழி. எனக்குத் தெரியவில்லை, அதனால் பாட்டில்.

அந்தச் சோழி வங்காளத்துக்குப் போனது, அங்கிருந்து அரிசி வந்தது. மாலத்தீவில் நெல் விளையாது, வங்காளத்தில் இந்தச் சோழி விளையாது. இருவருக்கும் லாபம். வங்காளத்தில் நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பொன் (தங்கம் அல்ல, எண்ணிக்கைப் பெயர்), பதினாறு பொன் ஒரு காகன் என்று வாய்ப்பாடே இருந்தது. அதாவது ஒரு காகனுக்கு 1,280 சோழி. நான்கு காகன் ஒரு ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 5,120 சோழி. (இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், யாரும் நன்றி சொல்லவில்லை.) ஒரு சோழி ஒரு கிராம்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ரூபாயைத் தூக்க ஐந்து கிலோ பை வேண்டும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ரூபாய் யாரிடம் இருந்தது? ஒரு கைப்பிடி கீரை, ஒரு படகுப் பயணம், ஒரு பிச்சை இதற்கெல்லாம் வெள்ளி ரூபாய் எதற்கு? ஏழையின் சில்லறை சோழிதான். 1770-களின் கடைசியில் சில்ஹெட் பகுதிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக வந்த ராபர்ட் லிண்ட்சே, மாவட்டத்தின் நிலவரி முழுக்கச் சோழியாகவே வருவதைப் பார்த்தார். அதைக் கிடங்கு கிடங்காகச் சேர்த்துவைத்து, படகுப் படையில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு கம்பெனி, வரியை வெள்ளியில்தான் கட்ட வேண்டும் என்றது. ஒடிசாவில் சோழி செல்லாது என்றானபோது கையில் சோழி மட்டும் வைத்திருந்தவர்கள் நசுங்கிப்போனார்கள். அங்கே 1817-இல் வெடித்த பாயிக் கிளர்ச்சிக்கான காரணங்களில் இதுவும் ஒன்று. செல்லாக்காசு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாமா என்று யோசித்தேன். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் அது சரியில்லை. மாலத்தீவுச் சோழியை டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கப்பலில் ஐரோப்பாவுக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே ஏலம் போய், மறுபடி கப்பல் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கியது. அங்கே அதைக் கொடுத்து வாங்கியவற்றில் மனிதர்களும் உண்டு. மொரீசியசுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள், அது வேறு வாணிபம். இருந்தாலும் அட்லாண்டிக் பக்கம் போன லட்சக்கணக்கானவர்களின் விலையில் இந்தச் சின்ன நத்தைக்கும் பங்கு இருந்தது. பாசி மேய்ந்த பிராணி அது. பழி அதன் மேல் இல்லை.

முன்னால் சொன்ன தங்கை இங்கேதான் வருகிறாள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் கரையில் மலிவாகக் கிடைத்த வளையச் சோழியை ஏற்றி மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டினார்கள். காசுச் சோழியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் அங்கே செல்லுபடியானது. கொட்டக் கொட்ட மதிப்பு இறங்கியது. ஒரு பொருள் வாங்க ஒரு மூட்டை சோழி வேண்டும் என்ற நிலை. பணவீக்கம் என்று பொருளாதாரப் பாடத்தில் வருவது இதுதான். அரசாங்கம் நோட்டு அடித்தாலும் கப்பல் சோழி கொட்டினாலும் நடப்பது ஒன்றுதான். கானா நாட்டின் நாணயத்துக்கு இன்றும் செடி என்று பெயர். அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

காசைப் பற்றிப் பேசும்போது இந்தத் தீவின் நோட்டை எடுத்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழின் வரிசை பின்னால் தள்ளப்பட்டது என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். பிள்ளைகளின் பெற்றோருக்கு நன்றாக நினைவிருக்கிறது. காகிதத்துக்கு மதிப்பு எழுத்தால் வருகிறது, எழுத்தின் வரிசைக்குக்கூட ஊர் திரள்கிறது. சோழிக்கு எழுத்தே தேவைப்படவில்லை. எந்த ராஜாவின் தலையும் அதில் இல்லை.

விளையாட்டுக்கும் அதே ஓடுதான். ஒரு பக்கம் கூன், மறுபக்கம் தட்டை, ஆகவே வீசினால் மல்லாக்க விழும் அல்லது குப்புற விழும். இரண்டே விடை. ஆனால் நாணயத்தைச் சுண்டுவது போலச் சரிபாதி இல்லை. ஒவ்வொரு சோழிக்கும் ஒரு குணம் உண்டு. முதுகு தேய்த்த சோழி ஒரு மாதிரி விழும், தேய்க்காதது வேறு மாதிரி. தாயத்தில் கைராசி என்று சொல்லிக்கொள்வதில் பாதி, எந்தச் சோழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என்று எனக்குச் சந்தேகம். கேரளத்தில் இதையே கவடி என்று சொல்லிப் பிரசன்னம் பார்க்கிறார்கள். தமிழ் அகராதியிலும் கவடிக்கு இந்தப் பொருள் உண்டு. இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. கவடியும் காவடியும் ஒன்றா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. ஒரு கால் எழுத்து எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள், எழுத்துப் பாடத்துக்கு உதவியது. பலகறை என்றும் தமிழில் இதற்குப் பெயர் உண்டு. சித்த மருந்துக் கடையில் பலகறைப் பற்பம் என்று கேட்டால் தருவார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு உயிரோடு ஒன்றைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. பையனின் தாத்தா மீன்பிடிக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்று நேரத்தில் எங்களை அழைத்துப் போனார். இந்தத் தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளத்திட்டு வேலி போட்டிருக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே குளம் மாதிரி லகூன். ஓதமும் ராமேசுவரம் பக்கம் போலத்தான், அதிகம் ஏறி இறங்காது, முழங்காலைத் தொடுவதே பெரிது. கால்சட்டையை மடக்கிவிட்டு நடக்கலாம். ஆனால் வெறுங்காலோடு கூடாது. கடல் முள்ளெலியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ மீனும் உண்டு. இங்கே அந்த மீனுக்கு லாஃப் என்று பெயர். தாத்தா பழைய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்.

அவர் ஒரு பவளக்கல்லை மெதுவாகப் புரட்டினார். நான் ஒன்றும் பார்க்கவில்லை. "லா, லா" என்று கையைக் காட்டுகிறார், அங்கே, அங்கே என்கிறார், எனக்குக் கல்தான் தெரிகிறது. பிறகு கல்லின் ஒரு புடைப்பு லேசாகச் சுருங்கியது. கருமையான போர்வை இரண்டு பக்கமும் திரைச்சீலை விலகுவது போல இறங்க, நடுவில் மஞ்சள் முதுகு மின்னியது. இரண்டு மெல்லிய உணர்கொம்பு, அவற்றின் அடியில் கரும்புள்ளி போலக் கண். எங்களைப் பார்த்ததோ நிழலை உணர்ந்ததோ, எல்லாம் உள்ளே போய், சோழி சோழியாகிவிட்டது. நாற்பது வருஷமாக நான் தெரிந்துவைத்திருந்தது அந்தக் கடைசி நிலையை மட்டும்தான்.

இன்னொரு கல்லுக்கு அடியில் ஒன்று அசையவே இல்லை. அதைத் தொடாதே என்றார். முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறதாம். சோழியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் முட்டைப் பொதிகளைக் கல்லில் ஒட்டி, குஞ்சு வெளிவரும் வரை தன் காலால் மூடி அடைகாக்கும், கோழி போல. வெளிவரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு. தாயைப் போலவும் இருக்காது. நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதந்து, எங்கோ ஒரு பவளத்திட்டில் இறங்கி, அங்கே ஓடு கட்டத் தொடங்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஹவாய் வரை ஒரே சோழி எப்படிப் பரவியது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நடந்து போகவில்லை, மிதந்து போயிருக்கிறது.

தாத்தா புரட்டிய ஒவ்வொரு கல்லையும் பழைய மாதிரியே திருப்பி வைத்தார். கல்லின் அடிப்பக்கத்தில் வாழ்கிறவற்றுக்கு வெயில் ஆகாது. புரட்டிவிட்டு அப்படியே போனால் ஒரு சோழிக்காக அந்தக் கல்லின் அடியில் உள்ளதெல்லாம் போய்விடும்.

மொரீசியசில் கடலிலிருந்து பவளத்தையும் சோழி போன்ற ஓடுகளையும் எடுப்பது சட்டப்படி தடை. பையனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நான் வேறு கைதட்டச் சொல்லியிருக்கிறேன். சட்டத்தைவிட இன்னொரு காரணம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. இதே லகூனில் கூம்பு நத்தை என்று ஒன்று உண்டு. ஐஸ்கிரீம் கோன் வடிவம், மேலே அழகான வலைக்கோலம். பார்த்தால் எடுக்கத்தான் தோன்றும். அதற்கு விஷ ஊசி உண்டு. சில வகைகள் குத்தினால் ஆளே போய்விடும். ஓட்டின் அகலப் பக்கத்தைப் பிடித்தால் குத்தாது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம், ஊசி எந்தப் பக்கமும் நீளும். சோழியைத் தின்கிறவர்களில் அதுவும் உண்டு. எதுவும் தெரியாமல் கையை விடுகிற இடம் அல்ல அது.

கரை ஏறி அவர் வீட்டுக்குப் போனபோது தாத்தா கண்ணாடி அலமாரியிலிருந்து கருப்பும் பழுப்புமாக, கூன் விழுந்த பெரிய சோழி ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா காலத்துச் சோழி. அறிவியல் பெயரிலேயே மொரீசியஸ் இருக்கிறது, மொரீசியா மொரீசியானா. அலை வந்து அறையும் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழ்வது. நம் காசுச் சோழி லகூனின் அமைதிக்குள் பதுங்குகிறது என்றால், இது அலையோடு மல்லுக்கு நிற்பது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும்.

அந்த ஏழு சோழி? கழுவிக் கழுவி, மணலில் ஒரு மாதம் புதைத்து, மறுபடி கழுவி, இப்போது அம்மாவின் டப்பாவில்தான் இருக்கின்றன. அலமாரியின் வாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மழை பெய்தால் தெரியும். கலந்து வைத்தாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். அம்மாவுடையவை ஊதா, அவனுடையவை மஞ்சள். தாயம் ஆடும்போது பிள்ளைகள் மஞ்சளுக்குத்தான் சண்டை போடுகிறார்கள். நன்றாக விழுகிறதாம்.